வீட்டுக் கத்தியை நீங்களே தீட்டுவது எப்படி: கல் வாங்குவது முதல் காய் நறுக்குவது வரை

தக்காளியின் மேல் கத்தியை வைத்து இழுத்தால் தோலில் இறங்காமல் வழுக்குகிறதா? நறுக்கிய வெங்காயத்தைத் தூக்கினால் துண்டுகள் பிரியாமல் தோரணம் மாதிரி தொங்குகின்றனவா? கொத்தமல்லியை நறுக்கிய பலகையில் பச்சைத் தண்ணீர் நிற்கிறதா? அப்படியென்றால் கத்தி மழுங்கிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கினாலும் சில மாதங்களில் அதுவும் இந்த நிலைக்குத்தான் வரும். தீட்டக் கற்றுக்கொள்ள ஒரு கல்லின் விலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் போதும்.

தனிக்குடித்தனம் தொடங்கியவர்கள், வெளியூரில் அறை எடுத்துச் சமைப்பவர்கள், இதுவரை கல்லையே தொடாதவர்கள் ஆகியோருக்காக எழுதியது இது. படித்த கையோடு கல்லைத் தேடி ஓட வேண்டாம். முதல் மூன்று படிகளில் தவறினால் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கூர் வராது.

1. கையில் இருக்கும் கத்தி எந்த வகை?

எல்லாக் கத்தியையும் ஒரே மாதிரி தீட்ட முடியாது.

பாத்திரக்கடையில் நூறு இருநூறுக்குக் கிடைக்கும் மெல்லிய எவர்சில்வர் கத்தி மென்மையான உருக்கு. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூர் ஏறும். பழகுவதற்கு இதுதான் சரி. ஜெர்மன் வகைக் கத்திகள் ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை கடினம் கொண்டவை. ஜப்பானிய வகைகள் பெரும்பாலும் 60ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். கடினம் கூடினால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் எலும்பிலோ உறைந்த இறைச்சியிலோ பட்டால் வளையாமல் சில்லாக உடையும்.

கொல்லுப்பட்டறை இரும்புக் கத்தி அருமையாகக் கூர் ஏறும். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். ரம்பப்பல் போட்ட ரொட்டிக் கத்தியைத் தட்டைக் கல்லில் வைக்கவே கூடாது, பல் போய்விடும். செராமிக் கத்திக்குச் சாதாரணக் கல் பயன்படாது, வைரத்தூள் பதித்த தட்டு வேண்டும். இந்தக் கடைசி இரண்டையும் இந்த வழிகாட்டியில் விட்டுவிடலாம்.

அடுத்து, கத்தியின் விளிம்பு மேலே பார்க்கும்படி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாகவோ புள்ளியாகவோ மின்னும். அந்த இடங்களை நினைவில் வையுங்கள், அங்கேதான் வேலை அதிகம். விளிம்பு பெயர்ந்து பல் போன இடம் 2 மி.மீ. ஆழத்துக்கு மேல் இருந்தால் கையால் தேய்த்து மாளாது. படி 7க்குப் போங்கள்.

2. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

தேவை ஒரே ஒரு கல். அதைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டியது கிரிட் எண். எண் சிறியதாக இருந்தால் கல் சொரசொரப்பு, பெரியதாக இருந்தால் வழவழப்பு.

ஹார்ட்வேர் கடையில் "கார்போரண்டம் கல்" என்று கேட்டால், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் சற்று நைசாகவும் இருக்கும் சாம்பல் நிறக் கல்லைத் தருவார்கள். ரூ.150 முதல் 400 வரை ஆகலாம். மிகவும் மழுங்கிய கத்திக்கும் அரிவாளுக்கும் இது நல்ல கல். இதன் நைஸ் பக்கமும் சமையல் கத்திக்குக் கொஞ்சம் முரடுதான். வேலைக்கு ஆகும், அழகு வராது.

கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் 400/1000 அல்லது 1000/3000 எனக் குறித்த இருபக்க நீர்க்கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்) வாங்குங்கள். ஆன்லைனில் ரூ.700 முதல் 2,000 வரை பல விலைகளில் இருக்கிறது. ஒன்றே ஒன்று என்றால் என் தேர்வு 400/1000. நம் சமையலுக்கு 1000 கிரிட்டில் தீட்டிய விளிம்பே போதும். அதில் இருக்கும் நுண்ணிய சொரசொரப்புதான் தக்காளித் தோலைக் கவ்வுகிறது. 6000, 8000 என்று விற்பதெல்லாம் பளபளப்புக்கு. முதல் கல்லாக அதை வாங்கினால், மழுங்கிய கத்தியை ஒரு மணி நேரம் தேய்த்தும் ஒன்றும் நடக்காது.

கல் 18 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலமாவது இருக்கட்டும். பார்சல் வந்த அன்றே பிரித்து, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, நடுவில் வெளிச்சம் புகுந்தால் கல் குழிந்திருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். தண்ணீரில் நனைத்த பிறகு திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பதால் இதையெல்லாம் உலர்ந்த நிலையிலேயே செய்யுங்கள். பில்லையும் அட்டைப்பெட்டியையும் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை வைத்திருங்கள். கத்திக்கு வாரண்டி அட்டை இருந்தால் தீட்டுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

இரண்டு சக்கரம் பதித்து, நடுவில் கத்தியை விட்டு இழுக்கும் கருவி ஒன்று எல்லாக் கடையிலும் தொங்கும். அது விளிம்பைச் சுரண்டி எடுக்கிறது. இரண்டு நாள் கூராகத் தெரியும், பிறகு முன்பைவிட மோசமாகும். கத்தியும் வேகமாகத் தேயும். நூறு ரூபாய்க் கத்திக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கத்தியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

3. கோணத்தை அளந்து பழகுங்கள்

"20 டிகிரியில் பிடியுங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். 20 டிகிரியை எப்படிக் கண்ணால் பார்ப்பது? ஒரு ஸ்கேல் போதும். கத்தி அலகின் அகலத்தை, அதாவது முதுகிலிருந்து விளிம்பு வரை, அளவெடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரி. நான்கில் ஒரு பங்கு தூக்கினால் ஏறக்குறைய 15 டிகிரி.

அகலம் 4.5 செ.மீ. என்றால், 20 டிகிரிக்கு முதுகு 15 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். 15 டிகிரிக்கு 11 மி.மீ. போதும். 2 செ.மீ. அகலமுள்ள சின்னக் கத்திக்கு 20 டிகிரி என்பது 7 மி.மீ.கூட இல்லை. அட்டையை மடித்து அந்தக் கனத்துக்கு ஒரு ஆப்பு செய்து, ஆரம்பத்தில் முதுகுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். கைக்குப் பழகியதும் எடுத்துவிடலாம்.

எவர்சில்வர் கத்திக்கும் தினசரிப் புழக்கத்துக்கும் 20. ஜப்பானிய வகைக்கு 15. மென்மையான உருக்கை 15க்கு இறக்கினால் விளிம்பு தாங்காது, மடிந்துவிடும்.

கோணம் சரியா என்று பார்க்க ஒரு மார்க்கர் பேனா போதும். விளிம்பை ஒட்டி இருபக்கமும் கருப்பு மை தடவி, கல்லில் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். மை முழுக்க அழிந்தால் சரி. முதுகுப் பக்கம் மட்டும் அழிந்தால் இன்னும் தூக்க வேண்டும். விளிம்பின் ஓரத்தில் மட்டும் அழிந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள்.

4. தீட்டுவது

நீர்க்கல்லைத் தண்ணீரில் மூழ்க வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை விடுங்கள். 10 முதல் 15 நிமிடம் ஆகும். சில கற்களை ஊற வைக்கக் கூடாது, மேலே தண்ணீர் தெளித்தால் போதும், அட்டையில் எழுதியிருப்பார்கள். கார்போரண்டம் கல்லில் தண்ணீரும் விடலாம், எண்ணெயும் விடலாம். ஆனால் ஒருமுறை எண்ணெய் ஊறிவிட்டால் பிறகு தண்ணீருக்கு மாற முடியாது. சமையலறைக்குத் தண்ணீரே நல்லது.

ஈரத்துணியை நான்காக மடித்து மேடையில் போட்டு, அதன்மேல் கல்லை நீளவாக்கில் உங்களை நோக்கி வையுங்கள். கல் அசையவே கூடாது. தீட்டும்போது கல் நழுவினால் கையில் காயம் படும்.

சொரசொரப்பான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கத்தி சுமாராகத்தான் மழுங்கியிருக்கிறது என்றால் நேராக 1000க்குப் போகலாம். வலது கையில் பிடி, இடது கையின் இரண்டு மூன்று விரல் நுனிகள் அலகின் மேல், விளிம்புக்குச் சற்றுப் பின்னால். எந்த இடத்தில் விரல் இருக்கிறதோ அந்த இடம்தான் தேயும். ஆகவே அலகை மூன்று நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, பிடியை ஒட்டிய அடிப்பகுதியில் தொடங்கி முனைவரை போங்கள். முனை வளைவுக்கு வரும்போது பிடியை லேசாகத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் முனை மட்டும் மழுங்கலாகவே தங்கிவிடும்.

முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முதுகு முன்னால் போக, விளிம்பு பின்தொடரும் திசையில் மட்டும் அழுத்தம், மறுதிசையில் சும்மா வழுக்கி வந்தால் போதும். எவ்வளவு அழுத்தம் என்று சந்தேகம் வந்தால், டிஜிட்டல் சமையல் தராசை விரலால் அழுத்திப் பாருங்கள். சொரசொரப்புப் பக்கத்துக்கு 1 கிலோவை ஒட்டி, நைஸ் பக்கத்துக்கு அதில் பாதி. கல்லின் மேல் சாம்பல் நிறச் சேறு சேரும். அதுவும் உருக்கைத் தேய்க்கும், கழுவிவிடாதீர்கள். காய்ந்தால் மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.

எத்தனை முறை இழுப்பது? எண்ணிக்கை சொல்வதில் பயனில்லை. பிசிறு வரும்வரை. ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க, விளிம்பில் இருக்கும் உருக்கு மறுபக்கம் மெல்லிய இழையாக மடிந்து வெளியே வரும். தேய்க்காத பக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, வெளிப்பக்கமாக வருடிப் பாருங்கள். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது, வெட்டிவிடும். நகத்தில் ஏதோ சிக்குவது போல ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டால் அதுதான் பிசிறு. தெரியவில்லையா, கொஞ்சம் பஞ்சை அதே திசையில் தடவுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும்.

அடியிலிருந்து முனைவரை ஒரு இடம் விடாமல் பிசிறு வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். "அரை மணி நேரம் தேய்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களில் பலர் நிறுத்தியது இதற்கு முன்னால்தான். பிசிறு வரவில்லை என்றால் கல் இன்னும் விளிம்பின் நுனியைத் தொடவே இல்லை. நுனிக்குச் சற்று மேலே இருக்கும் தோள்பட்டைதான் தேய்கிறது. மறுபடி மார்க்கர் போட்டுப் பாருங்கள்.

திருப்பி மறுபக்கமும் அதேபோல. பிறகு கல்லை நைஸ் பக்கத்துக்குப் புரட்டி, இரண்டு பக்கமும் இன்னொரு சுற்று. முதல் தடவை எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பழகிய கைக்கு, பராமரிப்பில் இருக்கும் கத்திக்கு, 10 நிமிடம்.

5. பிசிறை எடுக்காமல் முடிக்காதீர்கள்

பிசிறோடு விட்டால் அன்றைக்குக் கத்தி அபாரமாக வெட்டும். மறுநாள் அந்த இழை மடிந்து, விளிம்பை மூடி, பழைய கதைதான். சிறு உருக்குத் துகள் சாப்பாட்டில் விழவும் வழியுண்டு.

நைஸ் பக்கத்தில், கத்தியின் எடையைத் தவிர வேறு அழுத்தமே இல்லாமல், ஒரு இழுப்புக்கு ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றி எட்டுப் பத்து முறை இழுங்கள். பிறகு நியூஸ்பேப்பரை நாலைந்து மடிப்பாகக் கல்லின் மேல் போட்டு, அல்லது பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில், விளிம்பு பின்னால் வரும்படி மட்டும் பத்துப் பத்து முறை இழுங்கள். முன்னால் தள்ளினால் பேப்பரும் பெல்ட்டும் அறுபடும்.

சோதனைக்கு ஒரு தாளைக் கையில் தொங்கவிட்டு மேலிருந்து இழுத்து அறுங்கள். சிக்கும் இடத்தில் பிசிறோ மழுங்கலோ மிச்சம் இருக்கிறது. அடுத்து பழுத்த தக்காளி: அழுத்தாமல், கத்தியின் எடையில் இழுத்தாலே தோல் திறக்க வேண்டும். கையில் இருக்கும் முடியைச் சிரைத்துப் பார்க்கும் வித்தையெல்லாம் வேண்டாம். சாம்பாருக்கு அது தேவையில்லை.

கழுவித் துடைத்த பிறகே காயில் வையுங்கள். இன்னொன்று: மழுங்கிய கத்தியோடு பழகிய கை அழுத்தியே வெட்டும். முதல் சில நாட்கள் நிதானம் தேவை. வீட்டில் மற்றவர்களிடமும் "தீட்டியிருக்கிறது" என்று சொல்லிவையுங்கள். விரல் அறுபட்டால் காபித்தூள், மஞ்சள்தூள் வைத்து அடைக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் ரத்தம் நிற்காவிட்டால், அல்லது விரல் நுனி மரத்துப்போனால், டாக்டரிடம் போய்விடுங்கள்.

6. அரிவாள்மனை

உட்பக்கம் வளைந்த விளிம்பு என்பதால் தட்டைக் கல் ஒத்துவராது. ஹார்ட்வேர் கடையில் 400 கிரிட் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒரு தாள் வாங்கி, பழைய பூரிக்கட்டையிலோ அரை அடி பிவிசி குழாயிலோ இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள். இங்கே கத்தி நகராது, கட்டைதான் நகரும். மனையை ஒருவர் பிடித்துக்கொண்டால் நல்லது. மேலே தேங்காய்த் துருவி இருந்தால் துணி சுற்றிவிடுங்கள்.

விளிம்பை நோக்கி இறங்கும் சரிவு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சரிவு இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் தேய்த்து, மறுபக்கத்தில் பிசிறை எடுக்க இரண்டு மூன்று முறை தட்டையாகத் தடவினால் போதும். கட்டை எப்போதும் முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே போகட்டும். விளிம்பை எதிர்த்து வந்தால் பேப்பர் கிழியும், கையும் கிழியும்.

7. சாணை பிடிப்பவரிடம் எப்போது கொடுப்பது

பல் போன கத்தி, முனை ஒடிந்த கத்தி, வெட்டுக்கத்தி, அரிவாள்: இவற்றுக்குச் சுழலும் சாணைதான் சரி. சைக்கிளில் சாணைச் சக்கரத்தோடு தெருவில் வருபவர்களும் மார்க்கெட் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் ஊருக்கு ஊர் உண்டு. கூலி ஊருக்கு ஏற்ப மாறும். கொடுக்கும் முன் பேசிவிடுங்கள்.

பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சூடு. தீப்பொறி பறக்க ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய விளிம்பு நொடியில் காய்ந்துவிடும். உருக்கு 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது நீல நிறம் காட்டும். விளிம்பில் நீலம் தெரிந்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. "அடிக்கடி தண்ணியில நனைச்சுக்குங்கண்ணே" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். விலை உயர்ந்த மெல்லிய கத்தியை மட்டும் அங்கே கொடுக்காதீர்கள்.

8. தீட்டியதைக் கெடுப்பது பலகைதான்

காய் கத்தியை மழுங்கடிப்பதில்லை. காய்க்கு அடியில் இருப்பதுதான் மழுங்கடிக்கிறது. கிரானைட் மேடையில் இருக்கும் குவார்ட்ஸ், கத்தி உருக்கைவிடக் கடினமானது. கண்ணாடிப் பலகை, எவர்சில்வர் பலகை, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் இதே கணக்கு. மேடையில் நான்கு முறை தட்டினால் முக்கால் மணி நேர உழைப்பு போச்சு. மரம் அல்லது வெள்ளை பிளாஸ்டிக் பலகை வைத்துக்கொள்ளுங்கள். கறிக்கடைகளில் புளியமரக் கட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறுகிய மரம், வெட்டுத் தாங்கும். பலகைக்கு அடியில் ஈரத்துணி. நறுக்கியதைச் சட்டியில் தள்ளும்போது விளிம்பால் வழிக்காமல் கத்தியைப் புரட்டி முதுகால் வழியுங்கள். இந்த ஒரு பழக்கத்தாலேயே கூர் கூடுதல் நாள் நிற்கும்.

நறுக்கும் வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு. கீரை, வெள்ளரிக்காய் போல மணம் ஒட்டாதவை முதலில், வெங்காயம் பூண்டு பிறகு, பச்சை மிளகாய் அதற்கும் பிறகு. மீனும் கோழியும் கடைசியில், முடிந்தால் தனிப் பலகையில்.

வெங்காயத்தின் வேர்ப்பக்கத்தைக் கடைசிவரை வெட்டாமல் வைத்தால் அடுக்குகள் சிதறாது. கூரான கத்தி செல்களை நசுக்காமல் அறுப்பதால் கண்ணீரும் குறையும். வெண்டைக்காயை முழுதாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு நறுக்குங்கள். வாழைப்பூ, வாழைக்காய், பலா என்றால் கையிலும் அலகிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பால் ஒட்டாது. நறுக்கிய வாழைக்காயை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. சேனையில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் அரிப்புக்குக் காரணம், ஆகவே ஈரக்கையோடு தொட வேண்டாம்.

பரங்கிக்காயில் கத்தி மாட்டிக்கொண்டால் திருகாதீர்கள். முனை ஒடிவதும் விளிம்பில் பல் போவதும் இப்படித்தான். கத்தியை வெளியே எடுத்து, காயைத் தட்டையான பக்கம் கீழே வரும்படி வைத்து மறுபடி இறக்குங்கள். எலும்புக்கும் ஃப்ரீசரில் இருந்து எடுத்த கறிக்கும் மெல்லிய கத்தி கூடாது.

9. கழுவுவது, வைப்பது, அடுத்த தடவை

சிங்க்கில் பாத்திரங்களோடு போடாதீர்கள். கத்திக்கும் கேடு, கை விடுபவருக்கும் கேடு. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துவிடுங்கள். புளியும் உப்பும் எலுமிச்சையும் இரவு முழுக்க ஒட்டியிருந்தால் எவர்சில்வரிலும் புள்ளி விழும். இரும்புக் கத்திக்குத் துடைத்த பிறகு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். கரண்டிகளோடு டிராயரில் போட்டால் விளிம்பு இடிபடும். தடித்த அட்டையை மடித்து டேப் ஒட்டி உறை செய்துகொள்ளலாம், செலவே இல்லை. ஊருக்கு எடுத்துப் போவதானால் அந்த உறையோடு விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும், கைப்பையில் விடமாட்டார்கள்.

தினமும் சமைக்கும் வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்லின் 1000 கிரிட் பக்கத்தில் தீட்டினால் போதும். இடையில் கூர் தளர்ந்தால் தீட்டும் கம்பியில் பக்கத்துக்கு ஐந்தாறு முறை லேசாக இழுங்கள். கம்பி, மடிந்த விளிம்பை நிமிர்த்தும், மழுங்கியதை மீட்காது. கம்பி இல்லாத வீட்டில், பீங்கான் கப்பைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு பூசாத வளையம் இருக்கும். அவசரத்துக்கு அதில் சில இழுப்பு இழுத்தாலும் அன்றைய சமையல் ஓடும்.

கல் நாளடைவில் நடுவில் குழியும். குழிந்த கல்லில் கோணம் நிற்காது. பென்சிலால் கல்லின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, 220 கிரிட் வாட்டர் பேப்பரைச் சமமான கண்ணாடியிலோ டைல்ஸிலோ நனைத்து ஒட்டவைத்து, கோடுகள் முழுக்க அழியும்வரை அதில் தேயுங்கள். அலசிய பிறகு நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள்; ஈரக் கல்லை மொட்டை மாடி வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.